வேடந்தாங்கலில் நமக்கென்ன வேலை?

தாங்கல் என்றால் என்ன என்று எங்கள் ஐயப்பன்தாங்கலில் பத்துப் பேரைக் கேட்டால் ஒன்பது பேர் விழிப்பார்கள். மழைத் தண்ணீரைத் தாங்கி நிறுத்தி வைக்கும் சின்ன ஏரிக்குத்தான் அந்தப் பெயர். பழைய செங்கல்பட்டு ஜில்லா முழுக்க இந்தப் பெயர் சிதறிக் கிடக்கிறது. பழவந்தாங்கல், ஐயப்பன்தாங்கல், வேடந்தாங்கல்... எங்கள் ஊரில் இப்போது பஸ் டிப்போ இருக்கிறது. மவுண்ட்-பூந்தமல்லி சாலை நடுவே மெட்ரோ ரயிலின் தூண்கள் வரிசையாக நிற்கின்றன. அடுக்கு மாடி வீடுகளுக்குக் குறைவில்லை. கண் குளிரத் தண்ணீர் பார்க்க வேண்டுமானால் போரூர் ஏரிக்கரைக்குத்தான் போக வேண்டும். வேடந்தாங்கலில் மட்டும் தாங்கல் இன்னும் தாங்கலாகவே இருக்கிறது. இருநூறு வருஷத்துக்கு மேலாக அந்த ஊர் ஜனங்கள் அதை விட்டுக் கொடுக்கவில்லை.

பறவை பார்க்க வேடந்தாங்கல் போய்வந்த கதையை இந்த மாதிரிப் பத்திரிகைகளில் நீங்கள் எத்தனையோ தடவை படித்திருப்பீர்கள். நான் போனது பறவைக்காக மட்டும் அல்ல. என் நாத்தனார் பெண் தாவரவியலில் பட்டம் வாங்கிவிட்டு அரசாங்கப் பரீட்சைக்குப் படித்துக் கொண்டிருக்கிறாள். 2024-ல் வந்த குரூப் 4 அறிவிப்பில் வனக்காப்பாளர், வனக்காவலர் வேலைகளையும் சேர்த்திருந்தார்கள். அதைப் பார்த்ததிலிருந்து பெண்ணுக்குக் காட்டிலாகா மேல் ஒரே ஆசை. அவள் அம்மாவுக்கோ வயிற்றில் புளியைக் கரைக்கிறது. "பொம்பளப் பிள்ளைக்குக் காட்டுல என்ன வேலை அண்ணி? நீங்க சொன்னா கேப்பா, கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்க" என்று என்னிடம் வந்து நின்றாள்.

எடுத்துச் சொல்வதற்கு முன்னால் எடுத்துப் பார்ப்போமே என்றுதான் பொங்கல் லீவில் ஒரு சனிக்கிழமை மூன்று பேரும் கிளம்பினோம். என்னவர் வண்டி ஓட்ட வந்தார். விடியற்காலை ஐந்து மணிக்குப் போரூரில் பைபாஸ் ஏறிவிட்டால் பெருங்களத்தூர் வரை தடையில்லை. வண்டலூர் தாண்டும்போது மலை ஓரம் லேசாக வெளுத்திருந்தது. 1985-ல் மிருகக்காட்சிச்சாலை இங்கே வந்ததிலிருந்து வண்டலூர் என்றால் குழந்தைகளுக்குப் புலியும் சிங்கமும்தான் ஞாபகம் வரும். அதன் பின்னால் இருக்கும் காப்புக்காட்டை யாரும் கண்டு கொள்வதில்லை. செங்கல்பட்டில் கொளவாய் ஏரி, பிறகு மணல் மட்டும் மிஞ்சிய பாலாறு, அப்புறம் படாளம். அங்கிருந்து வலது பக்கம் திரும்பினால் இரண்டு பக்கமும் நெல் வயல்தான். சென்னையிலிருந்து சுமார் 80 கிலோமீட்டர். வண்டி இல்லாதவர்களுக்கும் சௌகரியம் உண்டு. கிளாம்பாக்கத்திலிருந்தோ தாம்பரத்து மின்சார ரயிலிலோ செங்கல்பட்டு வந்து, அங்கே விசாரித்து பஸ் பிடிக்கலாம். அதிகாலையில் கைக்குழந்தையோடு இரண்டு மூன்று வண்டி மாறுவது சிரமம். அப்படிப்பட்டவர்கள் மத்தியானத்துக்கு மேல் வந்து மாலையில் பார்ப்பதே நல்லது. இரை தேடப் போன பறவைகள் கூட்டம் கூட்டமாகத் திரும்புகிற நேரம் அதுதான்.

ஏரிக்கரை மேல் ஏறியதும் முதலில் எட்டுவது காட்சி இல்லை, வாசனை. மீன் மார்க்கெட்டை நினைத்துக் கொள்ளுங்கள். நாத்தனார் முந்தானையால் மூக்கைப் பொத்திக் கொண்டாள். அப்புறம் சத்தம். அப்புறம்தான் கண்ணுக்குத் தெரிகிறது, தண்ணீருக்குள் கழுத்தளவு நிற்கும் கடம்ப மரங்களும் கருவேல மரங்களும், அவற்றில் இலை தெரியாமல் அப்பிக் கிடக்கும் வெள்ளையும் கறுப்பும். ஒரே மரத்தில் நான்கைந்து ஜாதிப் பறவைகள் குடித்தனம் நடத்துகின்றன. நத்தைகுத்தி நாரை, அரிவாள் மூக்கன், நீர்க்காகம், கரண்டிவாயன், பாம்பு மாதிரிக் கழுத்தை மட்டும் வெளியே நீட்டி நீந்தும் பாம்புத்தாரா. கூழைக்கடா தன் அலகுப் பையைத் திறந்து வைக்க, குஞ்சு தலையையே உள்ளே விட்டுச் சாப்பிடுகிறது. "என் பையன் சாப்பிடறதுக்கு இதுவே மேல்" என்று எங்களுக்குப் பக்கத்தில் நின்ற ஓர் இளம் தாய் சொன்னாள். இடுப்பில் இருந்த பையன் அதைக் கவனிக்காமல் கூழைக்கடாவுக்குக் கை காட்டிக் கொண்டிருந்தான்.

கரையோரம் ஒரு பாட்டி பனங்கிழங்கு விற்றுக் கொண்டிருந்தார். ஒரு கட்டு வாங்கிக் கொண்டு அவரிடம் பேச்சுக் கொடுத்தோம். தீபாவளிக்கு வெடி உண்டா என்று கேட்டதற்குத் தலையை ஆட்டிவிட்டார்.

"எங்க ஊர்ல அந்தப் பழக்கமே கிடையாதும்மா. வெடிச் சத்தம் கேட்டா குஞ்சை விட்டுட்டுப் பறந்துடும். பசங்க அடம் பிடிச்சா மத்தாப்பு கொளுத்துங்கடான்னு சொல்லிடுவோம்."

"யார் பாட்டி இதுக்குக் காவல்?"

"யாரு? நாங்கதான். ஆபீசுக்காரங்க பின்னாடி வந்தாங்க."

பாட்டி சொன்னதில் சரித்திரம் அத்தனையும் இருக்கிறது. வேடர்கள் வந்து போன ஊர் என்பதால் வேடந்தாங்கல் என்று பெயர் வந்ததாகச் சொல்வார்கள். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் இங்கே வந்து பறவைகளைச் சுட, ஊரார் திரண்டு போய்ச் செங்கல்பட்டுக் கலெக்டரிடம் முறையிட்டார்கள். 1798-ல் கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ், இந்த ஏரியில் யாரும் பறவைகளைச் சுடக்கூடாது என்று அவர்களுக்கு ஒரு கவுல் எழுதிக் கொடுத்தார். 1858-ல் அதைப் புதுப்பித்தும் வாங்கியிருக்கிறார்கள். காட்டிலாகாவும் சட்டமும் இந்த ஏரிக்கு வந்து சேர்ந்தது அதற்கெல்லாம் பிறகு. கரையில் இருக்கும் சம்சாரிகள் கையில் காகிதத்தை வைத்துக் கொண்டு சர்க்காரை மடக்கிப் பிடித்த சமாசாரம் இது.

இவ்வளவு பிடிவாதம் எதற்கு? ஜீவகாருண்யம் மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். கணக்கும் இருக்கிறது. ஆயிரக்கணக்கான பறவைகளின் எச்சம் ஏரித் தண்ணீரில் விழுந்து கரைகிறது. அந்தத் தண்ணீர் மதகு வழியாக வயலுக்குப் பாய்கிறது. உரத்துக்குச் செலவழிக்கும் காசு மிச்சம். நத்தைகுத்தி நாரைகள் வயலில் இறங்கி நத்தைகளைப் பொறுக்கித் தின்றுவிடுகின்றன. ஆக, ஊரார் செய்யும் காவலுக்கு மாதச் சம்பளம் இல்லாவிட்டாலும் வருஷக் கூலி நெல்லாக வந்துவிடுகிறது. வரவு செலவு பார்த்துக் குடும்பம் நடத்தும் நமக்கு இது நன்றாகப் புரியும். இருநூறு வருஷம் ஒரு ஏற்பாடு நிலைத்திருக்கிறது என்றால் அதில் இரண்டு பக்கத்துக்கும் லாபம் இருந்தாக வேண்டும்.

இந்த மாதிரி ஊர்கள் நம் நாட்டில் இன்னும் உண்டு. சிவகங்கைப் பக்கம் வேட்டங்குடி சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டியிலும் தீபாவளிக்கு வெடி இல்லை. அதற்கு மரியாதையாகக் காட்டிலாகா அந்த ஊர் மக்களுக்கு இனிப்பு கொடுக்கிறது. திருநெல்வேலிச் சீமையில் கூந்தன்குளத்தில் பறவைகள் வீட்டு முற்றத்து மரத்திலேயே கூடு கட்டுகின்றன. பிரசவத்துக்குத் தாய்வீடு வந்த பெண்ணைப் போல அவற்றை அங்கே நினைக்கிறார்கள். எச்சம் துணியில் விழுந்தாலும் முகம் சுளிப்பதில்லை. துணி உலர்த்தும் நமக்குத் தெரியும், இது எவ்வளவு பெரிய பொறுமை என்று!

சரி, நாத்தனார் பெண்ணின் சங்கதிக்கு வருவோம். கரையில் காவல் இருந்த பணியாளர் ஒருவரிடம் அவள் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டுத் தள்ளிவிட்டாள். அவர் பொறுமையாகப் பதில் சொன்னார். பார்க்க வருகிறவர்கள் கல் எறியாமல், கூச்சல் போடாமல் பார்த்துக் கொள்ள வேண்டும். இரவில் மீன் பிடிக்க யாரும் இறங்கிவிடக் கூடாது. கோடையில் தண்ணீர் வற்றினால் மேடு போட்டு மரக்கன்று நட வேண்டும். இப்போது நட்டால்தான் பத்து வருஷம் கழித்து வருகிற பறவைக்குக் கூடு கட்டக் கிளை இருக்கும். "வேலை என்னமோ சும்மா நிக்கிற மாதிரி இருக்கும்மா. ஆனா நாம இல்லைன்னா ஒரே வாரத்துல தெரிஞ்சுடும்" என்றார். நாத்தனார் என்னைப் பார்த்துச் சிரித்தாள். வீட்டு வேலையைப் பற்றி நாங்கள் சொல்வதும் அதேதானே!

காட்டிலாகா என்றால் காக்கி உடுப்பு, ஜீப்பு, துப்பாக்கி என்றுதான் நமக்குத் தோன்றுகிறது. உள்ளே பலவிதப் படிகள் உண்டு. மேலே இந்திய வனப்பணி. அதில் பெண்கள் முதன்முதலாகச் சேர்ந்தது 1980-ல், மூன்றே பேர். கீழே வனவர், வனக்காப்பாளர், வனக்காவலர். இந்த வேலைகளுக்குப் பரீட்சை எழுதித் தேறினால் மட்டும் போதாது, நடந்தும் காட்ட வேண்டும். ஆண்கள் 25 கிலோமீட்டர், பெண்கள் 16 கிலோமீட்டர், நான்கு மணி நேரத்துக்குள். இதற்கும் கீழே வேட்டைத் தடுப்புக் காவலர்கள். பெரும்பாலும் மலைவாழ் மக்கள். காட்டை உள்ளங்கை ரேகை மாதிரி அறிந்தவர்கள். ஆனால் தொகுப்பூதியத்தில் வருஷக்கணக்காக வேலை பார்த்துக் கொண்டு, நிரந்தரம் ஆகுமா என்று காத்திருக்கிறவர்கள் அவர்களில் ஏராளம். காட்டை அதிகம் தெரிந்தவருக்குச் சம்பளம் குறைச்சலாக இருப்பது எனக்கு ஒப்பவில்லை.

நாத்தனாருக்கு இதிலெல்லாம் அக்கறை இல்லை. அவள் கவலை வேறு. ராத்திரி ரோந்து போனால் எங்கே படுப்பாள்? மாதவிலக்கு நாளில் என்ன செய்வாள்? காட்டு நடுவே இருக்கும் காவல் குடிலில் கழிப்பறை இருக்குமா? சிரிக்கிற விஷயம் இல்லை இது. பெண்களை வேலைக்கு எடுத்தால் மட்டும் போதுமா? தாழ்ப்பாள் போட்ட குளியலறையும், துணைக்கு இன்னொரு பெண்ணும் இருக்க வேண்டாமா? இந்தக் கேள்விகளை அம்மாக்கள் கேட்கத்தான் வேண்டும். பெண்ணைத் தடுக்கக் கேட்காமல், பெண்ணுக்காகக் கேட்டால் இலாகாவும் பதில் சொல்லித்தானே ஆக வேண்டும்?

முதுமலைத் தெப்பக்காடு யானை முகாமில் பெள்ளி என்ற காட்டுநாயக்கர் இனத்துப் பெண்மணியை உங்களுக்கு நினைவிருக்கும். அவரும் கணவர் பொம்மனும் தாயில்லாத யானைக் குட்டிகளைச் சொந்தப் பிள்ளைகளைப் போல வளர்த்ததைப் படமாக எடுத்து, அது 2023-ல் ஆஸ்கர் பரிசு வாங்கியது. அதே வருஷம்தான் தமிழ்நாடு அரசு பெள்ளியைக் காவடியாக நியமித்து ஆணை கொடுத்தது. காவடி என்றால் யானைப் பாகனுக்கு உதவியாள். அந்த முகாமில் அந்த வேலைக்கு நிரந்தரமாக நியமனமான முதல் பெண் அவர். குட்டிக்குப் பால் புகட்டுவதும், குளிப்பாட்டுவதும், ராத்திரி கண் விழிப்பதும் அதற்கு முன்பே அவர் செய்து வந்ததுதான். அதற்கு உத்தியோகம் என்று பெயர் கிடைக்க உலகமே திரும்பிப் பார்க்க வேண்டியிருந்தது!

இதற்கு நேர் எதிர்ப்பக்கம் ஒரு கதை சொல்கிறேன். நம் கம்பம் எல்லையைத் தாண்டினால் தேக்கடி. பெரியாறு புலிகள் காப்பகத்தில் 2002 முதல் ஊர்ப் பெண்களே காவல் ரோந்து போகிறார்கள். வசந்த சேனை என்று அவர்களுக்குப் பெயர். காலையில் வீட்டு வேலையை முடித்து, முறை வைத்துச் சிறு சிறு குழுவாகக் காட்டுக்குள் நடக்கிறார்கள். சந்தன மரத்தை யாராவது வெட்டியிருக்கிறார்களா, புதிதாகக் காலடித் தடம் தெரிகிறதா என்று பார்க்கிறார்கள். சம்பளம் கிடையாது. எங்கள் பிள்ளைகளுக்கும் இந்தக் காடு வேண்டும் என்பதுதான் அவர்கள் சொல்லும் காரணம். படித்தபோது எனக்கு மெய் சிலிர்த்தது. கூடவே ஒரு உறுத்தலும் வந்தது. வீட்டு வேலைக்கும் சம்பளம் இல்லை, காட்டு வேலைக்கும் இல்லை என்றால், பெண் பிள்ளை உழைப்பு என்றாலே இலவசம்தானா? அதே தேக்கடியில், முன்னே காட்டுப் பட்டையை உரித்துத் திருட்டுத்தனமாக விற்ற ஆண்கள் திருந்தி வந்தபோது, பயணிகளை அழைத்துப் போகும் வழிகாட்டி வேலை அவர்களுக்குக் கிடைத்தது. வருமானமும் வருகிறது. நல்ல ஏற்பாடுதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் திருடாமலே காவல் காத்த பெண்களுக்கு?

தொண்டு செய்யப் போகிற நாம் இதை யோசித்துவிட்டுப் போக வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு மணி நேரம் நாம் தொண்டாகச் செய்வது வேறு. ஒருத்தியின் பிழைப்பாக இருக்க வேண்டியதை அவளிடம் தொண்டாக வாங்கிக் கொள்வது வேறு.

இந்த வித்தியாசத்தை நன்றாகக் காட்டுவது இருளர்களின் கதை. நம் செங்கல்பட்டு ஜில்லாவின் பூர்வ குடிகள் அவர்கள். பாம்பு பிடித்துத் தோலை விற்றுத்தான் பிழைத்தார்கள். 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்து, பிறகு தோல் வியாபாரமும் நின்றுபோக, அடுப்பில் பூனை தூங்கியது. 1978-ல் அவர்களுக்கென்று ஒரு பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் உருவானது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலியில் முதலைப் பண்ணையை ஒட்டி இருக்கிறது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் உயிரோடு பிடித்து வந்து, மூன்று வாரம் போல வைத்து, வாரம் ஒரு தடவை விஷம் எடுத்து, அடையாளம் போட்டு மறுபடி காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். பாம்புக் கடிக்கு ஆஸ்பத்திரியில் போடும் ஊசி மருந்து தயாரிக்க அந்த விஷம்தான் மூலப்பொருள். நம் நாட்டு மருந்துக்கு வேண்டிய விஷத்தில் பெரும் பகுதி இந்தச் சங்கத்திலிருந்து போகிறது. சங்கத்தில் பெண்களும் உண்டு. இருளர் சமூகத்தைச் சேர்ந்த மாசி சடையன், வடிவேல் கோபால் இருவருக்கும் 2023-ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. காட்டைப் பற்றிய அறிவு, கூலி, மரியாதை மூன்றும் ஓர் இடத்தில் கூடியிருப்பதை நான் வேறெங்கும் இவ்வளவு தெளிவாகப் பார்க்கவில்லை.

பாம்பு என்ற பேச்சு வந்ததால் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. யாரையாவது கடித்துவிட்டால் கீறுவது, வாயால் உறிஞ்சுவது, கயிற்றால் இறுக்கிக் கட்டுவது எதுவும் வேண்டாம். வளையல், கொலுசு, மோதிரம் இருந்தால் வீக்கம் வருமுன் கழற்றிவிடுங்கள். கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து, பயப்படாதே என்று தைரியம் சொல்லி, உடனே விஷமுறிவு ஊசி இருக்கிற ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். பாம்பை அடித்து எடுத்துப் போக வேண்டிய அவசியம் இல்லை.

ஏரிக்கரையில் மரத்தடியில் உட்கார்ந்து புளியோதரையும் தயிர்சாதமும் சாப்பிட்டோம். சாப்பிடும்போது நாத்தனார் திடீரென்று, "பதினாறு கிலோமீட்டர்னா நம்ம வீட்லேருந்து எதுவரைக்கும்?" என்று கேட்டாள். என்னவர் மனசுக்குள் ரோட்டை அளந்து, கிண்டி வரை போய் வீட்டுக்குப் பாதி வழி திரும்பி வருகிற தூரம் போல இருக்கும் என்றார். "நாலு மணி நேரமா? காய்கறிப் பையோட நானே நடந்துடுவேனே" என்றாள் நாத்தனார். பெண் வாயைத் திறக்கவில்லை, தயிர்சாதத்தில் கவனமாக இருப்பது போலப் பாவனை செய்தாள். அம்மா இன்னும் சம்மதம் சொல்லவில்லை. ஆனால் இப்போதெல்லாம் விடியற்காலையில் இரண்டு பேரும் போரூர் ஏரிப் பக்கம் நடக்கிறார்கள். அம்மா கையில் கடிகாரம்.

உத்தியோகம் எல்லோருக்கும் வாய்க்காது. கைக்குழந்தையை வைத்துக் கொண்டு பதினாறு கிலோமீட்டர் நடக்க முடியுமா? நமக்கென்று இருக்கிற காரியங்களையும் விசாரித்து வந்தேன். மிகச் சுலபமானது பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு. 2015-லிருந்து தமிழ்நாட்டுப் பறவை ஆர்வலர்கள் பொங்கலையொட்டிய நான்கு நாளும் நடத்துகிறார்கள். ஒரு இடத்தில் குறைந்தது பதினைந்து நிமிஷம் நின்று, கண்ணில் பட்ட பறவைகளை எண்ணி, செல்போனில் ஈபேர்ட் என்ற செயலியில் பதிந்தால் போதும். அந்த இடம் மொட்டை மாடியாக இருக்கலாம், சமையலறை ஜன்னலாகக்கூட இருக்கலாம். காகத்தையும் எண்ண வேண்டும், மைனாவையும் எண்ண வேண்டும். அபூர்வப் பறவை வந்ததா என்பது முக்கியம் இல்லை. வழக்கமாக வருவது குறைகிறதா என்று தெரிவதுதான் முக்கியம். பால் பாக்கெட் எடுக்க வெளியே வரும் நம்மைவிட அதை யார் நன்றாகக் கவனிக்க முடியும்?

அடுத்த படி, காட்டிலாகாவே நடத்தும் ஒருங்கிணைந்த பறவைக் கணக்கெடுப்பு. ஏரி, சதுப்பு நிலப் பறவைகளுக்கு ஒரு தடவை, மற்றப் பறவைகளுக்கு ஒரு தடவை என்று வருஷத் தொடக்க மாதங்களில் மாநிலம் முழுக்க நடக்கும். பதிவு செய்து கொண்ட தொண்டர்களை இலாகா ஆட்களோடு சேர்த்து அனுப்புவார்கள். கல்லூரிப் பிள்ளைகள் நிறையப் போகிறார்கள். அக்டோபர் 2 முதல் 8 வரை வன உயிரின வாரம். அப்போது பள்ளிக் குழந்தைகளுக்கு ஓவியம், பேச்சு என்று போட்டிகள் வைப்பார்கள், குழந்தைகளின் பள்ளியில் கேட்டு வையுங்கள்.

கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகள் இருந்தால் ஆமை நடை. ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை பங்குனி ஆமைகள் நம் கடற்கரைக்கு வந்து முட்டையிட்டுப் போகும். ஒரு தாய் நூறு முட்டைக்கு மேல் இடுவாள். நாய், நரி, மனிதர் கையில் அகப்படாமல் அந்த முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் புதைத்து வைத்து, நாற்பத்தைந்து நாள் போல ஆனதும் குஞ்சுகளைக் கடலில் விடுகிறார்கள். மாணவர்கள் சேர்ந்து நடத்தும் கடலாமைப் பாதுகாப்புக் குழு ஒன்று 1988-லிருந்து நீலாங்கரை, பெசன்ட் நகர்ப் பக்கம் ராத்திரியெல்லாம் நடக்கிறது. காட்டிலாகாவும் பொரிப்பகங்கள் வைத்திருக்கிறது. பொது ஜனங்களையும் அழைத்துப் போவார்கள். நடு இரவுக்கு மேல், மணலில், விளக்கு இல்லாமல் பல மைல் நடை. தூங்கி விழுகிற சின்னக் குழந்தைக்கு இது வேண்டாம். மாலையில் குஞ்சுகளைக் கடலில் விடும்போது போய்ப் பார்த்தால் போதும். 2025 ஜனவரியில் இறந்த ஆமைகள் நூற்றுக்கணக்கில் சென்னைக் கரையில் ஒதுங்கியதைப் பேப்பரில் பார்த்திருப்பீர்கள். பிழைத்தவற்றின் முட்டைகளுக்கு அந்த வருஷம் மதிப்பு இன்னும் கூடிப்போனது.

வேடந்தாங்கலுக்கும் ஆபத்து இல்லாமல் இல்லை. ஏரி சுமார் 30 ஹெக்டேர்தான். ஆனால் பறவை இரை தேடுவது சுற்று வட்டார வயல்களிலும் குளங்களிலும். அதனால்தான் 1998-ல் ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் வரை சரணாலயம் என்று அறிவித்தார்கள். 2020-ல் அந்த வட்டத்தைச் சுருக்க ஒரு யோசனை எழுந்தது. பொது மக்களிடம் பலத்த எதிர்ப்புக் கிளம்பி அது நடக்கவில்லை. 2022-ல் ராம்சார் என்னும் உலக ஈரநிலப் பட்டியலில் வேடந்தாங்கல் இடம் பெற்றது. உலகப் பட்டியலில் இருந்தாலும், ஐப்பசி கார்த்திகையில் மழை பெய்து ஏரி நிறைந்தால்தான் பறவை வரும். போகுமுன் தண்ணீர் இருக்கிறதா, சரணாலயம் திறந்திருக்கிறதா என்று விசாரித்துக் கொண்டு போங்கள். நவம்பர் முதல் மார்ச் வரை பருவம். குஞ்சுகளைப் பார்க்க வேண்டுமானால் ஜனவரியும் பிப்ரவரியும் உத்தமம்.

பளபளக்கும் சிவப்பு, மஞ்சள் புடவைகளைத் தவிர்த்து இலைப் பச்சை, காவி மாதிரி மங்கிய நிறத்தில் கட்டிக் கொள்ளுங்கள். கரை மேல் நல்ல நடைபாதை இருக்கிறது, காட்சிக் கோபுரமும் உண்டு. வெயில் ஏறிவிட்டால் குழந்தைக்குத் தொப்பி அவசியம். பிஸ்கட் உறையையும் பாலிதீன் பையையும் அங்கே போடாமல் கையோடு வீட்டுக்குக் கொண்டு வந்துவிடுங்கள். பாட்டியிடம் பனங்கிழங்கு வாங்க மறக்காதீர்கள், பேரம் பேச வேண்டாம். நேரம் மிச்சம் இருந்தால் பக்கத்திலேயே கரிக்கிலி என்று இன்னொரு சரணாலயம் இருக்கிறது. அங்கே கூட்டம் குறைவு, கடைகளும் அதிகம் இல்லை. குடிதண்ணீர் மட்டும் தாராளமாக எடுத்துக் கொண்டு போங்கள்.